மூன்றாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

மாப்ளே,

காலையில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒரு தாளை நீட்டினார். மூன்றாவது கேள்வி, தூக்கம் எப்படி என்பது. பேனாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் பட்டாளத்து மருத்துவ அறையில் பதினோரு வருஷம் இதே கேள்விக்கு நான்தான் பதில் நிரப்பினேன். யாரையும் கேட்காமலே 'நார்மல்' என்று எழுதிவிடுவேன். எல்லோருக்கும் அதுதான் வழக்கம். வேறு எதையாவது எழுதினால் பிரமோஷன் நிற்கும், துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் கிறுக்கன் என்று பேர் வைப்பார்கள்.

நீ ஒருத்தன்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "தூங்கி மூணு மாசமாச்சு மாப்ளே. கண்ண மூடுனா அந்த வண்டிதான் வருது. எழுதிப்போடு." மலைப் பாதையில் உருண்ட வண்டி. உள்ளே கிடந்த நாலு பேரையும் நீதான் வெளியே இழுத்துப் போட்டாய், ஒருத்தனும் பிழைக்கவில்லை. நான் சிரித்தேன். "ஹவில்தார் ஆகப் போற நேரத்துல உனக்கெதுக்கு இந்த வேலை? ஆயிட்டு நல்லாத் தூங்கு" என்றேன். "செரி, உன்ற இஷ்டம்" என்றாய். உனக்கும் 'நார்மல்' என்றே எழுதினேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், சாமி சத்தியமாக.

லீவுக்குப் பல்லடம் போன நீ உன் உயிரை முடித்துக்கொண்டாய். காரியத்தன்று உன் சம்சாரம் என்னைக் கேட்டது: "ஏனுங்ண்ணா, இவரு யாருகிட்டயுமே சொல்லலீங்களா? நானாச்சும் கேட்டிருக்கோணும்." "தெரியலீங்க தங்கச்சி" என்று சொல்லிப்போட்டேன். ஆறு வருஷமாக அது தன்னையே நொந்துகொண்டிருக்கிறது. நானோ பொங்கலுக்குப் பொங்கல் பழம் வாங்கிக்கொண்டு போய், அது கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வருகிறேன். மறைத்து மறைத்து அலுத்துப்போச்சு மாப்ளே.

இன்றைக்கு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து பல்லடம் பஸ் ஏறினேன்.

உன் வாசலில் நின்றபடியே சொன்னேன். "எங்கிட்டச் சொன்னாருங்க. எழுதச் சொன்னாரு. நான்தான் எழுதலே."

"சொன்னாருங்களா?"

"சொன்னாருங்க."

அது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இனி அந்த வீட்டுக்கு நான் போக முடியுமா என்று தெரியவில்லை. நீ கேட்டும் நான் எழுதவில்லை என்பதைச் சாகிற வரைக்கும் நான் சுமக்கிறேன். தான் கேட்காமல் விட்டதை அது இனிச் சுமக்க வேண்டாம்.