முட்டி இல்ல சார்

இன்று மாலை பயிற்சி முடிந்து கூடாரத்துக்குள் நுழைந்ததும் வலி ஸ்பிரேயின் நெடி மூக்கில் ஏறியது. உன் நினைப்பு வந்துவிட்டது. அணியில் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முட்டியில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பந்தை மறிக்கப் பாய்ந்து விழுந்தபோது அவள் பிடித்தது முட்டியை அல்ல. நான் பார்த்தேன். அடுத்து என் முறை. எனக்கும் அதே இடத்தில்தான் வலி. இந்த வாரக் கடைசியில் ஆட்டம் வேறு.

திருச்சுழிப் பள்ளியில் ஹாக்கி ஆட நமக்குக் கிடைத்த தரை வெடித்த கரிசல். டவுனுப் பள்ளிகளுக்குப் பச்சை விரிப்பு, நமக்கு வெடிப்பு. குனிந்தபடி ஓடி, காலை அகட்டி மட்டையை நீட்டும்போது பாதம் வழுக்கும்; தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் சுருக்கென்று பிடிக்கும். அந்த இடத்தை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? கேட்டால் எல்லாருமே முட்டி வலி என்போம். பி.டி. சார் பாவம், நம்பி எல்லாருக்கும் நீல முட்டி உறை வாங்கி வந்தார். அருப்புக்கோட்டைக்கு ஆடப் போனபோது எதிரணி அதை நம் யூனிபார்ம் என்றே நினைத்தது.

மாவட்ட அணித் தேர்வு நெருங்கிய ஒரு காலை. நீ நொண்டுவதைப் பார்த்த சார் முட்டியா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஆடவிடாமல் உட்காரவைத்துவிடுவார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாய்.

"முட்டி இல்ல சார். தொடையிடுக்கு. இங்க ஒருத்திக்கும் முட்டி வலி கெடையாது."

பின்னால் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். நீ திரும்பினாய்.

"என்னடி இளிப்பு? ஒனக்கு மட்டும் காலு முட்டியிலருந்தா ஆரம்பிக்கிது?"

சார் அன்றைக்கே நம்மை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்த பிசியோ அக்கா, உன் தசை கிழியும் நிலையில் இருக்கிறது, ஓடவே கூடாது என்றார். முட்டிகளுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்தும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அந்த வருடத் தேர்வு உனக்குப் போயிற்று. உன் ஊர் பரளச்சியில் அம்மா, வெளியில் சொல்லுகிற இடமா அது என்று திட்டினார்களாம். நீ மைதானத்து ஓரத்தில் வாலிபால் ஒன்றை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, "ஏலே, எடது பக்கம் காலியாக் கெடக்கு, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்தினாய். வழியில் போனவர்கள் சிரித்தார்கள். நீ பந்தை விடவில்லை.

அடுத்த வருடம் மாவட்ட அணிக்கு நீதான் கேப்டன். கரிசலில் காலை அகட்டி நீ பந்தை மறித்த அழகுக்கு ஈடாக இன்றுவரை ஒருத்தியையும் நான் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த ஊர் கொடுத்தது மில் வேலையும், ஆளை ஏற்றக்கூடாத ஒரு லோடு வண்டியும். அது கவிழ்ந்து நீ இறந்த செய்தியில் உன் பெயர்கூட இல்லை. 'பெண் தொழிலாளி' என்று போட்டிருந்தார்கள். கேப்டன் என்று போட்டிருக்க வேண்டும்.

என் முறை வந்தது. டாக்டர் ஸ்பிரேயைக் குலுக்கியபடி, முட்டியா என்று கேட்டார்.

"முட்டி இல்ல சார். தொடையிடுக்கு."

பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. தன் முட்டியில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆட்டத்தில் நான் இல்லை. மைதானத்து ஓரத்தில் பந்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடது பக்கம் காலியாகக் கிடந்தால், நீ கத்தியது மாதிரியே கத்துவேன்.