முத்திரையில் தம்பியின் ஊர்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் மேலாளர் முத்திரை சேர்ப்பவர். ரஷ்யாவின் புதிய நினைவு முத்திரைகளை இன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினார். லேஸ் பின்னும் பெண்கள் ஒன்றில், ஆற்றங்கரை நகரங்கள் மற்றவற்றில்.

"உங்கட தம்பியும் அங்கதானே, மிஸ்? லக்கிதான். அம்மாட்ட காட்டுங்கோ" என்று நகரங்கள் உள்ளவற்றைத் தந்தார்.

"அடுத்தது நீங்களும் பறந்திடுவீங்கள்" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

வீட்டில் முதல் பட்டதாரி என்று பெயர். நன்றி மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

தம்பி ஜூட் ஹோட்டல் சமையலறை வேலை என்று நம்பித்தான் போனான். போன இடத்தில் துப்பாக்கியைக் கொடுத்து யுத்தத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியாகப் பேசியபோது என்னிடம் மட்டும் சொன்னான். "அம்மாக்குச் சொல்லிடாதீங்க அக்கா." அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் கோல் இல்லை. அந்த நாடு தன் சனத்தை முத்திரையில் போட்டு வைக்கிறது. எங்கள் பிள்ளையை எங்கே போட்டதோ.

பின்னேரம் வீட்டில் அம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டு முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதில எது, பிள்ளை, அவன்ட இடம்?"

பனியும் தேவாலயக் கோபுரமும் இருந்த ஒன்றைத் தொட்டேன்.

"வடிவான இடம். கோயிலும் கிட்டத்தான் போல. குளிருக்கு ஏதும் போடுறானோ?"

"புது ஜாக்கெட் குடுத்திருக்கினமாம், அம்மா."

அது பொய் இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே பச்சை ஜாக்கெட்தான்.