கண்ணாடிக்குள் செல்வாம்பாள்

உழவர்கரை,
20-5-1957

இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவி செல்வாம்பாள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தெரியவில்லை.

தங்கை வசந்தாவுக்குக் கல்யாணம். ஜூன் ஆறாம் தேதி காலை ஆறு மணிக்கு முகூர்த்தம், நம் வீட்டு வாசலிலேயே பந்தல். போட்டோவுக்கு மாப்பிள்ளை வீட்டார் உங்கள் கடையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனால் மறுக்க முடியவில்லை. என் படத்தைக் கடை ஷோகேஸில் வைத்த மனுஷன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று மாசி மாதம் என்னை இங்கே அழைத்து வந்த அதே அண்ணன், இப்போது, "வரட்டும். கேமராவுக்குப் பின்னாலயே நின்னுட்டா மூத்த மாப்பிள்ளை ஏன் படத்துல இல்லன்னு எவனும் கேக்க மாட்டான்" என்கிறார்.

நாம் பிரிந்திருப்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னாகுமோ என்று அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் ஷோகேஸிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள். வீராம்பட்டினத்து மீன்காரி பூவாயி என்னிடமே, "மார்க்கெட்டாண்ட கண்ணாடிக்குள்ள உன்னாட்டமே ஒரு பொண்ணு தலைய விரிச்சிக்கினு சிரிக்குதும்மா" என்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். மீன் வாடையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வாம்பாள்


புதுச்சேரி,
22-5-1957

அன்புள்ள செல்வா,

கடிதம் வாசமாகவே வந்தது. வசந்தா கல்யாணம் சந்தோஷம்.

முதலில் வேலை விஷயம். விடியற்காலை, ஓலைப் பந்தல், ஹோமப் புகை. மூன்றும் சேர்ந்தால் இருட்டறைதான். பளிச்சென்று வெடிக்கும் ஃப்ளாஷ் பல்பு மதராஸிலிருந்து வரவேண்டும். ஒரு தடவை வெடித்தால் தூக்கி எறிய வேண்டியது. அதனால் மணவறைக்குக் கிழக்கே வெயில் விழ ஒரு ஓலைக் கீற்று விட்டுப் பந்தல் போடச் சொல். ஐயரிடம் ஈர விறகு ஆகாது என்று சொல். மணவறைக்கு எதிரே ஒரு பாய் அகலத்துக்கு யாரும் உட்காரக் கூடாது.

படம் நான் எடுத்ததிலேயே நல்ல படம். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுக்கார முசியே ஒருவர் கடை வாசலில் நின்று பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். ஷோகேஸிலிருந்து எடுக்க மாட்டேன். என் பெண்டாட்டி படத்தை நான் வைப்பதில் என்ன குற்றம்? உன் அண்ணனுக்குத்தான் தெரியாது, உனக்குமா?

பஞ்சநாதன்


உழவர்கரை,
30-5-1957

அத்தானுக்கு,

முசியே தொப்பியைக் கழற்றினாராம்! நான் என்ன பிரெஞ்சுக் கொடியா?

மழை வந்தால் யார் பதில் சொல்வது என்று பந்தல்காரன் முறைத்தான். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் நின்று, கீற்றை விடவைத்தேன். கேட்டால் ஓலை போதவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்காகப் பொய் வேறு.

இன்னொன்று. மாப்பிள்ளையின் அத்தை பச்சையம்மாள் வந்து, "தாலி ஏர்ற நேரத்துல பல்பு கில்பு வெடிச்சிதுன்னா நான் எழுந்து போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள், அபசகுனமாம். அந்த நேரத்தில் வெடிக்கவைத்தீர்களானால் அண்ணன் உங்களைப் பந்தலைவிட்டு வெளியே தள்ளுவார். நானும் தடுக்க மாட்டேன்.

அண்ணன் கோபம் வேறு, என் கோபம் வேறு. ஊர் பார்த்தது எனக்குப் பெரிதில்லை. மாடியில் தலை காயவைக்கும்போது உங்களைப் பார்த்துச் சிரித்தேன். உங்களை. அதை ஊருக்கு வைக்கலாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

செல்வாம்பாள்


புதுச்சேரி,
4-6-1957

அன்புள்ள செல்வா,

தாலி கட்டும்போது பல்பு வெடிக்காது. நீ விட்ட கீற்று வெளிச்சத்தை நம்பி எடுக்கிறேன். மேகம் மூடினால் அந்தப் படம் இல்லை, கடைப் பேரும் போகும். போகட்டும்.

நீ கேட்ட மற்றதற்குப் பதில் எழுதி எழுதி, தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன்.

பஞ்சநாதன்


புதுச்சேரி,
10-6-1957

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

படங்கள் கழுவியாயிற்று. தாலி கட்டும் படம் அருமையாக விழுந்திருக்கிறது. வெயில் நேராக வசந்தா கழுத்தில். பச்சையம்மாளிடம் காட்டு.

குடும்பப் படம்தான் கெட்டுவிட்டது. "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். எல்லோரும் நகர்ந்தார்கள், நீ நகரவில்லை. உன் வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடம். உன் சித்தி நுழையப் பார்த்தாள், முழங்கையால் தடுத்தாய். கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, இதென்ன பிடிவாதம் என்று உன்னைத் திட்டினேன். வெளியே வந்து ஷட்டரை அமுக்கப்போகும்போதுதான் அந்த இடம் யாருக்கென்று உறைத்தது. கை தவறி ஸ்டாண்டில் இடித்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் என் படம் ஆடியதே இல்லை. இதில் உன் அண்ணனுக்கு இரண்டு மீசை. மறுபடி எடுக்கவேண்டும் என்று நீயே அவரிடம் சொல்.

ஷோகேஸில் உன் படம் இப்போது இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே எடுத்துவிட்டேன். சொல்லத்தான் ரோஷம் விடவில்லை. அப்போது கேட்காததை இப்போது கேட்கிறேன். வைக்கட்டுமா?

உன்
பஞ்சநாதன்


உழவர்கரை,
12-6-1957

என் அன்புள்ள அத்தானுக்கு,

வேண்டாம். கேட்டீர்களே, அது போதும். படம் நம் வீட்டில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறார்கள். அன்று மறுபடி எடுக்கலாம், ஆனால் இந்தத் தடவை நீங்களும் படத்தில் நிற்பீர்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். முகம் உர்ரென்று ஆனது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, "அப்போ அமுக்கறது யாரு?" என்றார்.

கடையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவாருங்கள். நல்ல வேட்டி கட்டிக்கொள்ளுங்கள். என் பெட்டியைக் கட்டிவிட்டேன், படம் எடுத்ததும் சேர்ந்தே கிளம்பலாம். சித்தியும் அன்றைக்கு வருகிறாள். வரட்டும், என் முழங்கை இருக்கிறது.

செல்வா