ஐப்பசியில் ஊன்றிய அவரை

இன்று காலை உன் அம்மா தைத்துக் கொடுத்த துணிப்பையை மாடியில் வைத்து உதறினேன். சாம்பல் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்த அந்த வாசம் நம் அறையில் உன் அலமாரிக்குள் மூன்று வருடம் இருந்திருக்கிறது. உன் சென்ட் வாசத்தைத் தாண்டி அது ஒரு நாளும் என்னிடம் வந்ததில்லை. முதல் அவரைக்காய் முற்றிக் காய்ந்துவிட்டது. விதையைப் போட்டு வைக்கப் பை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் உதறியதும் உன்னிடம் சண்டை போட வேண்டும் போலிருந்தது. நேரில் முடியாது. எழுதுகிறேன்.

நீ போனது சித்திரையில். நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் உன் உடம்பு மட்டும் ஆம்புலன்ஸில் சங்கரன்கோவில் பக்கம் உன் ஊருக்கு. ஐப்பசி பிறந்த வாரம் உன் அம்மா போன் செய்தார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ய்யா, மாடியில நீங்க ரெண்டு பேரும் போட்ட அவரை நிக்கில்லா, அதுல முத்தக்காய் கெடந்தா வெதைக்கு நாலு எடுத்து வையி. இங்க எனக்கு வெத அத்துப்போச்சு."

மாடியில் நின்றது தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கயிறும்தான். அவரை என்று ஒன்று அங்கே என்றைக்கும் இருந்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், "சரிங்கம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் பிடிபடவில்லை. எனக்குப் பேசத் தெரியாது, முகத்தில் அடித்த மாதிரி சொல்வேன் என்று நீயே எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பொய் மட்டும் எனக்கு வராது.

பொய் உன் டிபார்ட்மென்ட். நான் சாயப்பட்டறை லேபில், நீ ஆர்டர் பார்க்கிற மெர்ச்சன்டைசர். துணி என் மிஷினில் இன்னும் நிறம் பிடிக்காமல் ஊறிக்கொண்டிருக்கும். என் பக்கத்தில் நின்றுகொண்டே நீ துணி வாங்கும் பையருக்குப் போன் போட்டு, பேக்கிங் நடக்கிறது, நாளைக்கு வண்டி ஏறிவிடும் என்பாய். இந்தப் பனியன் ஊரில் அதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. எனக்கு மட்டும் எரியும். கேட்டால், "சொல்லிட்டோம்னா செஞ்சுதானடா ஆகணும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவாய். பாதித் தடவை செய்தும் காட்டினாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவும் உனக்கு ஒரு பையரா?

போனை வைத்துவிட்டு உன் அலமாரியைக் கிளறினேன். பழைய சாம்பிள் துணிகளுக்கு அடியில் அவரை விதையோடு அந்தப் பை கிடந்தது. அம்மா போட்ட முடிச்சு அவிழவே இல்லை. ஒவ்வொரு ஆனியிலும் "இந்த ஆடிக்குப் போட்டுரலாம்டா" என்பாய். ஒரு வருடம் டேப் எடுத்து வந்து, பந்தல் எங்கே வரும் என்று மாடியை அளந்தாய்கூட. ஆடி வரும், கிறிஸ்துமஸ் ஆர்டரும் கூடவே வரும். நம் இரண்டு பேருக்கும் சோறு தின்னவே நேரம் இருக்காது.

விதையில் பாதிக்கு மேல் வண்டு துளைத்திருந்தது. தேறியது ஏழு. அந்த ஏழையும் அப்படியே அனுப்பியிருக்கலாம், அதுதான் சுலபம். ஆனால் மூன்று வருட விதை, முளைக்குமா என்று தெரியாது; டெஸ்ட் பண்ணாத சரக்கை நான் என்றைக்கு அனுப்பியிருக்கிறேன்? ஏழையும் ஊன்றிவிட்டேன். அவரைக்கு ஆடிதான் பட்டம், ஐப்பசியில் போட்டால் உருப்படாது என்று பொங்கலூரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன்.

வீட்டுக்கார அக்கா துணி எடுக்க மேலே வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏனுங்க தம்பி, அய்ப்பசில அவரை போடறீங்களே, காய்க்கறதுக்குங்களா, பாக்கறதுக்குங்களா?" என்றார். டெஸ்டுங்க என்றேன். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஐந்து முளைத்தன. பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகியது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், இன்னும் கருகியது. இரண்டு செத்த பிறகுதான் புத்தி வந்தது. செடித் தொட்டிக்காக நான் பாதியாக அறுத்தது சாயப்பட்டறையில் உப்புக் கரைத்து வைத்த நீல டிரம். மேலோட்டமாகக் கழுவியிருந்தேன். போதாததற்கு ஊற்றியது போர்வெல் தண்ணீர். நாள் முழுக்கத் தண்ணீரில் உப்பு பார்க்கிற வேலை எனக்கு. வீட்டு மாடியில் மீட்டரை நனைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மிச்சம் மூன்றையும் வேரோடு மண் பெயர்த்து சிமென்ட் பைக்கு மாற்றினேன். நாம் குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றினேன்.

மார்கழியில் அவை என் முழங்கால் உயரம்கூட இல்லை. அந்த உயரத்தில் பூத்தன. ஏதோ நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காதான் சிரித்தார்: "அவரை பனிக்குப் பூக்குமுங்க. நீங்க எப்பப் போட்டீங்கன்னு அதுக்கென்னங்க கணக்கு?" எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. இத்தனை சின்னச் செடி எத்தனை காயைத் தாங்கும்? மூன்று வருடமாகக் காய்த்த செடி என்று இதை எப்படி அம்மாவிடம் காட்டுவது?

முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் போடவே இல்லைம்மா, இது நான் இப்போது போட்டது என்று. சாவு வீட்டுச் செய்தி போல வேகமாகச் சொன்னேன்.

"தெரியும்யா," என்றார். "ஆடியில ஊனுனேன்னவன் ஆவணியில ஒரு கூடை பறிச்சேன்னான். அவரை அப்படியா காய்க்கும்?"

பிறகு எதற்கு என்னிடம் விதை கேட்டீர்கள் என்று கேட்டேன். "அந்தக் கொடியப் பத்தி அவன் வாரா வாரம் சொல்லுவான். இப்ப சொல்ல ஆளில்லல்லா."

அன்றிலிருந்து வாரா வாரம் நான் சொல்கிறேன். எத்தனை இலை, எத்தனை பூ, எது உதிர்ந்தது, எல்லாம் சரியான எண்ணிக்கை. ஒரு கைப்பிடி பொரியலுக்குக் கேட்ட அக்காவுக்கு ஒரு காய்கூடக் கொடுக்கவில்லை. எல்லாமே விதைக்குத்தான். மாசி முடிவதற்குள் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு இரண்டு தடவை எண்ணினேன். பதினொரு காய். அம்மா கேட்டபோது பதினைந்து என்றேன்.

"பதினஞ்சா," என்று திருப்பிக் கேட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "அப்ப பந்தல் போடுய்யா. கொடி தாங்காது."

முழங்கால் உயரச் செடிக்குப் பந்தல் எதற்குடா? நேற்று போய் எட்டு மூங்கில் வாங்கி மாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.