ஈரக்கைக்கு நீங்கள் எழுதியது

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்தாயிற்று. பிரித்ததும் என்னைப் பார்த்து, இப்படி இளைத்துப்போயிட்டியே என்றார். அப்படியானால் கண்ணை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான் என்று நானும் மகளும் சிரித்தோம். எங்கள் திரைச்சீலைக் கடைக்கு ஒரு ஓட்டலின் ஜன்னல்கள் அத்தனைக்கும் ஆர்டர் வந்திருக்கிறது. தைத்துத் தைத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் வாயைத் திறந்தால், சரி, சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

லிப்ட் ரிப்பேர் வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் வாட்டர்கலர் படம் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மென்பொருள் இலவசம், பிரஷ்ஷும் காகிதமும்கூட யார் யாரோ செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றீர்கள். அப்படி வரைகிறவர்கள் படம் போடுகிற இணையதளத்தில் மகள் உங்கள் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினாள். எனக்குப் படத்துக்கு முன்னால் அதன் கீழே இருந்த நன்றிதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் 'மழைத்துளி' என்கிற ஒருத்திக்கு நன்றி. அவள் செய்து கொடுத்த பிரஷ் இல்லாவிட்டால் இந்த வானமே இல்லையாம்.

வயிறு எரிந்தது. அவளுக்கு நீங்கள் எழுதிய பதில்களை ஒன்று விடாமல் படித்தேன். ரூம் ஜன்னலைத் திறக்க முடியாது, எதிரே வெறும் சுவர், அதனால்தான் வானமாகப் போட்டுத் தள்ளுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் படம் போடுகிற பேனாவைப் பிடித்தாலே விரல் மரத்துப்போகிறது என்றும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொன்னது ரூம் வசதியாக இருக்கிறது என்பது மட்டும்.

மகளின் லேப்டாப்பில் அதே மென்பொருளை ஏற்றச் சொன்னேன். மழைத்துளியின் பிரஷ்களையே எடுத்தேன், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. இருக்கத்தான் செய்தது. ஒரு கோடு இழுத்தால் கலர் பரவி ஓரத்தில் போய்த் தேங்குகிறது, நடுவில் காகிதத்தின் சொரசொரப்பு வெள்ளையாகத் தெரிகிறது. எனக்குத்தான் கை வரவில்லை. முதலில் போட்டதெல்லாம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. சுவரை ஒரு லேயரில் போடு, நிழலை அதற்கு மேலே தனி லேயரில் போடு என்று மகள் சொன்னாள். லைனிங் மேல் மெல்லிய துணி விழுகிற மாதிரி என்று பிடித்துக்கொண்டேன். மழைத்துளியைத் திட்டிக்கொண்டே மழைத்துளியின் பிரஷால் நம் சமையலறையை வரைந்தேன்.

வரைந்ததை 'ஈரக்கை' என்ற பெயரில் அதே தளத்தில் போட்டேன். உங்கள் படத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதை நீங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. முதல் ஆளாக வந்து பாராட்டியவள் மழைத்துளி. அதுவும் எரிச்சலாக இருந்தது. அடுத்து நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு சுவருக்கு வேறு பெயின்ட் அடித்தோம், அடுப்பும் இடம் மாறிவிட்டது. அதனால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் எழுதினீர்கள். இப்படி ஒரு ஜன்னல் பக்கத்தில் நின்றுதான் என் வீட்டுக்காரி தலை பின்னுவாள், அதைப் பார்த்துக்கொண்டே ஷூ மாட்டுவேன், இங்கேயும் ஷூ மாட்டும்போது தலை தானாகத் திரும்புகிறது என்று. அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று முடித்திருந்தீர்கள்.

அத்தோடு மழைத்துளி மேல் இருந்த கோபம் போய்விட்டது. இப்போது ஈரக்கையைக் கண்டால்தான் ஆகவில்லை. யாரென்றே தெரியாத அவளுக்கு இத்தனை வரி, கட்டிக்கொண்டவளுக்கு ஒரு சாப்பிட்டியா. அவள் பெயரில் உங்களுக்கு ஒரு நன்றி போடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அவளுக்கு வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே கரித்துக்கொட்டுகிறேன், பைத்தியம் மாதிரி.

விரலை டாக்டரிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். படம் போடுவதையும் விட வேண்டாம், உங்கள் வானங்கள் நன்றாக இருக்கின்றன. மழைத்துளிக்கு நன்றி சொல்லுங்கள், அவள் கொடுத்ததுதானே எல்லாம். ஈரக்கைக்கு மட்டும் இனிமேல் எதுவும் எழுதாதீர்கள். அப்படி ஏதாவது மனசில் வந்தால் நேராக எனக்குப் போன் செய்து சொல்லுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜன்னல் பக்கத்தில் நின்று தலை பின்னுகிற
உங்கள் வீட்டுக்காரி