அமுது என்று முடியும் சொற்கள்

5 ஆகஸ்ட் 1996, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை, ஈரச் சுரிதாரோடு வகுப்பு. மூளைப் படம் இன்னும் ஐந்து வரைய வேண்டும். மூளையைப் பதப்படுத்தி வைக்கும் ஃபார்மலின் வாடை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோற்றிலும் அதே.

ராமாபுரத்திலிருந்து அப்பா ஃபோன். "நரம்புப் படிப்பு முடிச்சா ஊசி போடுவியா கண்ணு?" போட மாட்டேன் என்றேன். "அப்பறம் என்னத்துக்குங்கறேன்." வைத்துவிட்டார்.

நாளை என் முதல் நோயாளி. இந்தக் கன்னட ஊரில், வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் மேடம் (இனி மே.) என்னிடம் கொடுத்தார். பேச்சு போன நோயாளிகளுக்கான பயிற்சியில் ஒரே ஒரு இடம் காலி. அதை அந்த அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்பது என் சோதனைத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். தலைகால் புரியவில்லை எனக்கு.

6, செவ்வாய்

ரங்கநாயகி அம்மாள் (ர.). வயது 56. விஜயநகர். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது கை, கால் வரவில்லை. ஒரு சொல், நீண்ட நிறுத்தம், இன்னொரு சொல். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சோதனை முடியும்வரை விதிப்படி அவர் வெளியே.

படம் காட்டிப் பெயர் கேட்டேன். பசு, குடை, சாவி சரி. ரசத்துக்கு "சாத்தமுது." பொரியலுக்கு "கறியமுது." பாயசத்துக்கு "கண்ணமுது."

எனக்குப் புல்லரித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வால்! மூளை அடிபட்டவர்கள் சொல்லை இட்டுக்கட்டுவார்கள், ஒரே ஒலியில் மாட்டிக்கொள்வார்கள் என்று போன வாரம்தான் படித்தேன். தப்பு என்று வரிசையாகப் பெருக்கல் குறி. ஒவ்வொன்றுக்கும் ர. என் பேனாவைப் பார்த்து முகம் சுருங்கினார். 'கவனம் சிதறுகிறது' என்று அதையும் எழுதினேன்.

மாலையே அறிக்கை. ஒரு படி கணவர் கையில். 'பேசுவது பெரும்பாலும் பொருளற்றது.' அழகான வரி என்று நினைத்தேன்.

7, புதன்

மழை. மெஸ் இட்லி கல். ஹெப்பாள் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். வாங்க: குடை, 2பி பென்சில், தலைவலித் தைலம்.

8, வியாழன்

நூலகம். மதியம் ஊழியர்கள் இருவர் மேசைக்குப் பின்னால் டிபன் கேரியரைப் பிரித்தார்கள். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் பெண்கள்.

"இன்னும் செத்த சாத்தமுது விட்டுக்கோயேன்."

"போறும். கறியமுது இருக்கா?"

போய்க் கேட்டேன். "சாத்தமுதுன்னா என்னங்க அக்கா?"

"ரசந்தான். எங்காத்துல அப்படித்தான் சொல்லுவோம். ஏன், நீயும் தமிழ்தானே?"

தமிழ்தான். அதுதான் வெட்கம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

9, வெள்ளி

மே.யிடம் சொல்லி அழுதேன். திட்டவில்லை. தாளை எடுத்துக் கொடுத்து, குறிகளை என்னையே திருத்தச் சொன்னார். இடம் ர.வுக்குக் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று எழுந்தேன். "அறிக்கை அவர்கள் வீட்டில் இருக்கிறதே?" என்றார் கன்னடத்தில். பிறகு, "ஹோகி ஹேளு." போய்ச் சொல்லு.

அதே நாள், மாலை

விஜயநகர் வீடு. கணவர்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"தப்பு என்னுதுங்க. அவங்க சொன்னது அத்தனையும் சரிங்க. எனக்குத்தான் அந்த வார்த்தையெல்லாம் தெரியலீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மூணு நாளா காலு, காலுங்கறா. அர்த்தமில்லாமப் பேசறான்னு நீங்க எழுதியிருந்தேளே. நான் திரும்பிக்கூடப் பாக்கலே."

உள்ளே ஓடினோம். ர. நாற்காலியில். போர்வையை விலக்கினேன். வலது பாதம் வீங்கியிருந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்து, சுற்றிலும் புண்.

மெட்டியைக் கழற்றக் கணவர் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ர. என் பக்கம் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்து, ஒரு சொல், நிறுத்தம், ஒரு சொல்.

"மெதுவா... வலிக்கறது."

"கேக்கறதுடி," என்றார் அவர். "கேக்கறது."