சல்லடை பீவி சந்துக்கு வந்த ராணி

அன்பு மகன் அசீமுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுத்தான் வீடியோவில் முகம் பார்த்தோம், இன்றைக்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைக்காதே, மன்னித்துக்கொள். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்குவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை ஜியாவுதீன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உன் அத்தாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, காரணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குத் தெரியும். உன் தங்கச்சி உமைரா பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்க்கிறாள்.

சந்து முனையில் வளைவு எழும்புவதைப் படத்தில் பார்த்திருப்பாய். ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற ஆடு ஒதுங்க இடமில்லாத சந்துக்கு, யானை மேல் அம்பாரி வைத்துக்கொண்டு போகிற உயரத்தில் வளைவு. அதில் சல்லடை பீவி சந்து என்று எழுத அமீனுதீன் பாய்க்குக் கூச்சமாக இருக்கிறதாம். சந்து கமிட்டித் தலைவர் அல்லவா, அபுதாபியில் பாதி ஆயுளைக் கழித்தவர், சல்லடை அவருக்கு ஆகுமா? அதனால் ஒரு சரித்திரம் கண்டுபிடித்திருக்கிறார். முன்னொரு காலத்தில் ஒரு நவாபின் பேகம் பரிவாரத்தோடு இந்த வழியாகப் போனாளாம், நம் சந்தில் கூடாரம் போட்டாளாம், பெயர் சுல்தானாவாம். படிக்காத சனங்களின் நாக்கில் அது சல்லடை ஆகிவிட்டதாம். ஆகவே இனிமேல் சுல்தானா பேகம் நகர். ராணி வருவதற்கு முன்பே சந்து நகராகிவிட்டது பார்.

மதரசா கூடத்தில் கூட்டம் போட்டு இதைச் சொன்னார். பெண்களுக்கெல்லாம் திரைக்குப் பின்னால் பாய் விரித்திருந்தார்கள். எந்த நவாப், எந்த வருஷம் என்று ஒரு ஆண்பிள்ளைகூடக் கேட்கவில்லை. படித்தவங்க யாராவது கருத்து சொல்லலாம் என்று பாய் ஆண்கள் பக்கமே பார்த்துக் கேட்டார். நீ பத்தாவது படிக்கும்போது உன்னோடு ராத்திரியில் கண்விழித்துத் தபாலில் வரலாறு பி.ஏ. முடித்தவள், நம் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டதாரி, திரைக்குப் பின்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உமைரா என் விலாவில் இடித்தாள். கடைசி வீட்டு ஆதிலட்சுமிதான் வாசற்படியில் நின்றபடி கேட்டாள், ராணி இங்க தங்குனான்னா எங்க மாமியாகிட்டதான் குடிக்கத் தண்ணி வாங்கியிருப்பா பாய், கேட்டுச் சொல்லலாம்னு பாத்தா அது செத்து ரொம்ப வருஷமாச்சுங்களே என்று. கூடம் சிரித்தது. நீ சும்மா இரும்மா, இது சரித்திரம் என்று பாய் அவளை உட்கார வைத்தார்.

சல்லடை பீவி யார் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும், கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் வாளி சுமந்தவள். மைமூன் பீவி என்பது பெயர். இந்த ஊரில் பீங்கான் பொம்மைப் பட்டறைகள் தலையெடுத்த காலம். கரைத்த களிமண்ணில் ஒரு குருணை தங்கினாலும் சூளையில் பொம்மையின் கன்னம் வெடித்துவிடும். சின்னப் பட்டறைக்காரர்கள் கரைசலை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், அவள் துணியைக் கட்டிச் சலித்துக் கொடுப்பாள். வண்டிக்காரர்கள் சல்லடை பீவி வூட்டுக்குப் போ என்றார்கள், பெயர் நின்றுவிட்டது. அவள் ஒன்றும் தர்காவில் அடங்கிய அவுலியா இல்லை. வாய் பொல்லாதது, தண்ணீர் அதிகம் ஊற்றிக் கரைத்துக்கொண்டு வந்தவனை அவன் பாட்டன் வரைக்கும் திட்டுவாளாம். பிள்ளையில்லை, கேட்க உறவில்லை. அதனால்தான் பாய்க்கு இவ்வளவு துணிச்சல்.

கம்பீரமாக ராஜவம்சம் பேசினாரே, அவர் தட்டிய மேசையும் திறந்து வைக்கச் சொன்ன ஜன்னலும் பையில் வைத்திருந்த சாவியும் போர்த்துகீசியக் கப்பலில் வந்த சொற்கள். இந்த ஊருக்கே சோறு போடுகிற பீங்கான் பாரசீகத்துச் சொல் என்று அகராதி சொல்கிறது. எந்த மாலுமி முதலில் சாவி என்று சொன்னான், எந்தப் பெண் அதைக் கேட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தாள், யாருக்கும் தெரியாது. சொல் தங்கும், ஆள் தங்குவதில்லை, அதுதான் வழக்கம். அபூர்வமாக நம் சந்தில் சொல்லோடு ஆளும் தங்கியிருக்கிறாள். அவளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறக்காத ராணி ஒருத்தியைச் சிமெண்டில் உட்கார வைக்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு ஓட்டாம், வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட வேண்டுமாம். குழுவில் ஆண்கள் நம்பர் மட்டும். பகலில் இந்தச் சந்தில் நடமாடுகிற ஆண்பிள்ளை ஆதிலட்சுமி வீட்டுச் சேவல் ஒன்றுதான், மற்றவர்கள் தோஹா, மஸ்கட், ஜித்தா. குழாயடியில் குடத்தோடு நிற்பது நாங்கள், சந்துக்குப் பேர் வைப்பது நீங்கள். அத்தாவிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் நம் வீட்டுக்கு உன் நம்பர். உங்க வூட்டு ஓட்டுதான் மொதல்ல வந்துச்சு, தங்கமான புள்ள என்று பாய் அத்தாவின் கடைக்கே வந்து அவரிடம் சொல்லிப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார். உன்னைக் கேட்டேன், பொண்ணு வூட்டுக்காரங்க வர்றப்ப பேரு கௌரவமா இருக்கட்டுமேம்மா என்று சிரித்தாய். திட்டக்குடிக்காரர்கள் வளைவைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள் என்றால் வளைவுக்கே கொடுக்கட்டும். அந்தப் பெண் வந்து வாழப்போவதும் இந்தச் சந்தில்தான், நீ தோஹாவில் இருப்பாய். ஒரு பெண் தன் கை வேலையால் வாங்கிய பெயர் அவள் புகுந்த வீட்டு வாசலில் இருப்பது அவளுக்கு என்ன இழுக்கு?

ஏசிக்கு நேர் கீழே படுக்காதே. ராத்திரியில் பரோட்டாவைக் குறை. ஜியாவுதீனிடம் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பாதே, இங்கே வைக்க இடமில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் தரட்டும், உன் கண் கலங்காமல் காக்கட்டும். உமைரா சலாம் சொல்லச் சொன்னாள், வாட்ச் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும், இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா வரைக்கும் ஓட்டு இருக்கிறது, அதன்பிறகு எழுத்து செதுக்கக் கொடுத்துவிடுவார்கள். உன் கட்டைவிரலை எடு என்று கேட்கவில்லை, அது உன் விரல். நீ அந்தக் குழுவுக்கு அட்மின். நம் வீட்டு நம்பர் என்று உன்னுடையதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடு. முதல் பொம்பளை நம்பர் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூட்டத்தில் எனக்குப் பேச வராது அசீம். எழுத வரும்.

உன் அம்மா
ஜெரினா, பி.ஏ.
சல்லடை பீவி சந்து, விருத்தாசலம்